ஏழாம் நம்பருக்கு நான் எழுதிய பெயர்

1

பின்லாந்தின் தம்பெரே நகருக்கு வந்து ஐந்து ஆண்டுகள் முடிந்த வாரத்தில், நிரந்தரமாகத் தங்குவதற்கான அட்டைக்காகக் குடியேற்ற அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கொண்டுபோக வேண்டியவற்றை முதல் நாளே பட்டியல் போட்டு வைத்திருந்தேன்: கடவுச்சீட்டு, வேலை ஒப்பந்தம், வரிச் சான்று, வீட்டு வாடகை ஒப்பந்தம், இரண்டு புகைப்படம். ஒன்றும் விடுபடவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் "கலியமூர்த்தி" என்று கூப்பிட்டார். எழுந்து போனேன். கலியமூர்த்தி என் அப்பா. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்களுக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது என்பதால் அப்பா பெயரை எழுதினோம். அதனால் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் நான் கலியமூர்த்தி. முதல் வருடம் எல்லோரிடமும் விளக்கினேன். இரண்டாம் வருடம் சிலரிடம். இப்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

"ஊருக்கு அடிக்கடி போவீர்களா?" என்று அந்தப் பெண் பின்னிஷில் கேட்டார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்று சொல்ல நினைத்து, வருடத்துக்கு இரண்டு முறை என்று சொல்லிவிட்டேன். அவர் கணினியில் ஏற்றிக்கொண்டார். தவறு என்றேன். சிரித்துவிட்டு அழித்தார்.

டிராமில் திரும்பும்போது என் சித்தப்பா மகள் நிவேதாவின் நினைவு வந்தது. போன பொங்கலுக்கு அவள் பெயரை நான் ஓரிடத்தில் எழுதினேன். அதை யாரும் சிரித்துக்கொண்டு அழிக்க முடியவில்லை.

2

எங்கள் ஊர் குடவாசலுக்குப் பக்கம். அரசுப் பள்ளிக்குப் பெண்கள் கபடிக் குழு ஒன்று உண்டு. நானும் அதில் மூன்று வருடம் ஆடியிருக்கிறேன். அப்போது எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பி.டி. சார்தான் இப்போதும் இருக்கிறார். மார்கழி நடுவில் ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

"செல்வி, நீ கேமரா கம்பெனியிலதானே இருக்க? மன்னார்குடி பக்கத்துல பொங்கல் மேட்ச் ஆடப் போறோம். நம்ம புள்ளைங்க ஆடுறதை லைவ்ல போட்டுக் குடேன்."

"சார், அது காட்டுல மரம் வெட்டுற மிஷின்ல வைக்கிற கேமரா."

"மரம் ஓடாது, எங்க புள்ளைங்க ஓடும். அவ்வளவுதானே வித்தியாசம்?"

வித்தியாசம் அவ்வளவுதான் என்பது உண்மைதான். ஓட்டுநர் திரையில் பார்க்கும் மரத்துக்கும் நிஜமான மரத்துக்கும் இடையில் எவ்வளவு தாமதம் என்பதைக் குறைப்பதுதான் என் வேலை. மைதானத்தில் ஒரு மூங்கில் கழியில் கட்டிய போன். அதன் படம் எனக்கு வரும். நான் இங்கிருந்தபடியே அதன் மேல் ஸ்கோர் பலகை, வீராங்கனைகளின் எண், பெயர் எல்லாம் சேர்த்து இணையச் சேனலுக்கு அனுப்புவேன். பெயர்ப் பட்டியலை, அங்கே பிளஸ் டூ படிக்கும் நிவேதாவிடம் கேட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். எட்டு எண்கள், எட்டுப் பெயர்கள். ஏழுக்கு எதிரே அவள் பெயர். கீழே தனியாக, எண் இல்லாமல் நான்கு பெயர்கள். அதில் ஒன்று சரண்யா. எண் இல்லாதவர்கள் மாற்று ஆட்டக்காரர்கள் என்று எடுத்துக்கொண்டேன். அவர்களைத் திரையில் எங்கே போடுவது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

3

இந்த நேரலை எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு என்ன செய்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கே இது முழுதாகத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

நான் ஆடிய காலத்தில் சென்னைக் கல்லூரிகள் மாநிலப் போட்டிக்குத்தான் ஆள் பார்க்க வரும். மாநிலப் போட்டிவரை போகாதவள் யார் கண்ணிலும் படமாட்டாள். அத்தோடு பிளஸ் டூ முடியும், கபடியும் முடியும். இன்று கல்லூரிப் பயிற்சியாளர்கள் போனில் பார்க்கிறார்கள். பொங்கல் மேட்ச், கோயில் திருவிழா மேட்ச், பள்ளி மேட்ச், எல்லாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம் கிடைத்தால் படிப்பு, விடுதி, சாப்பாடு மூன்றும் கல்லூரியுடையது. குடவாசல் பக்கத்துப் பெண்ணைச் சென்னையில் ஒருவர் பேருந்தில் உட்கார்ந்து பார்க்கிறார் என்றால் அது சிறிய விஷயம் அல்ல.

ஆனால் அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் முக்கியம். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, ஸ்கோர் மாறும் இடத்தில் நிறுத்துகிறார்கள். அதனால் எதிரணிப் பக்கம் ரைடு போகிறவள் தெரிகிறாள். பின்னால் நின்று கணுக்காலைப் பிடித்து இழுப்பவள் தெரிவதில்லை. பெண்கள் இதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். போன் இருக்கும் பக்கம் ரைடு அதிகம். எதிர் மூலையில் நிற்க யாருக்கும் விருப்பமில்லை. அதை "இருட்டு மூலை" என்று பெயர் வைத்துச் சண்டை போடுகிறார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பெற்றோர் கீழே எழுதுகிறார்கள்: "நம்பர் 4 என் மகள், பிளஸ் டூ, நல்ல மார்க், கோச் யாரேனும் பார்த்தால் தொடர்புகொள்ளவும்." அதற்கு அடுத்த வரியிலேயே யாரோ ஒருவன் அந்தப் பெண்ணின் கால்சட்டையைப் பற்றி எழுதுகிறான். அவற்றை அழிப்பதும் என் வேலையாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் எத்தனை அழித்தேன் என்று எண்ணவில்லை. எண்ணாமல் விட்டது எனக்குப் புதிது.

"அந்தக் கமெண்டை மூடிடு, இல்லன்னா இவளை ஆட அனுப்ப மாட்டேன்" என்று சித்தி, அதாவது நிவேதாவின் அம்மா, சொன்னார். மூடினால் கோச்சுகளும் எழுத முடியாது என்றாள் நிவேதா. அம்மாவும் மகளும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில், நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்கிறேன் என்று சித்திக்கு வாக்குக் கொடுத்தேன்.

4

காணும் பொங்கல் அன்று ஊரில் மதியம் இரண்டு மணி, இங்கே காலை பத்தரை. ஆண்கள் ஆட்டங்கள் மாலையில். பெண்களுக்கு வெயில் நேரத்தைத்தான் கொடுப்பார்கள். தம்பெரேயில் அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் என்று சொல்லும்படி ஏதோ வந்திருந்தது. காய்ச்சலால் மழலையர் பள்ளிக்குப் போகாத என் ஐந்து வயது மகள் போர்வையோடு மடியில் இருந்தாள். மேலாளரிடம் ஒன்றரை மணி நேரம் சொந்த வேலை என்று சொல்லியிருந்தேன்.

முன்பே அறுத்துவிட்ட ஒரு வயலைச் சமப்படுத்தி மைதானம் ஆக்கியிருந்தார்கள். சித்தப்பா கயிற்றுக்கு வெளியே நின்று, போனில் என்னோடு பேசிக்கொண்டே பார்த்தார். என் திரைக்குப் படம் இருபது நொடி தாமதமாக வரும். அதனால் முதலில் அவர் போனில் கூட்டம் கத்தும். பிறகுதான் நிவேதா நடுக்கோட்டைத் தொடுவாள்.

"தொட்டுட்டா தொட்டுட்டா. பாத்தியா?"

"இன்னும் வரலை சித்தப்பா."

"என்ன கேமரா வச்சிருக்க நீ? இங்க அவ தண்ணி குடிச்சிட்டு இருக்கா."

மகள் திரையைப் பார்த்து, "எது நம்ம பக்கம்?" என்று பின்னிஷில் கேட்டாள். நீலச் சட்டை என்றேன். அதன் பிறகு நீலச் சட்டை கீழே விழும்போதெல்லாம் பின்னிஷில் வருத்தப்பட்டாள்.

முதல் பாதியில் நிவேதா நான்கு புள்ளி எடுத்தாள். இடைவேளையில் உபயதாரர்கள் பெயர் வரும் பட்டியலைத் திரை முழுக்க ஓடவிட்டேன். உரக்கடை, அறுவடை இயந்திர உரிமையாளர், இரண்டு திருமண மண்டபம். அறிவிப்பாளர் ஒவ்வொன்றையும் வாசித்தார். இரண்டாம் பாதி தொடங்கியபோது கூட்டம் கூடி, நெட்வொர்க் இறங்கிவிட்டது. நேரலை அறுந்துபோகாமல் இருக்கப் படத்தின் தரத்தைக் குறைத்தேன். முகங்கள் கலங்கிவிட்டன. எண்கள் மட்டும் தெரிந்தன.

அந்தப் பாதியில் ஏழாம் நம்பர் ஐந்து முறை ரைடு போய் ஏழு புள்ளி கொண்டுவந்தது. கடைசி ரைடில் மூன்று பேர் பிடித்து இழுக்க, மல்லாந்து விழுந்தபடியே விரல்நுனியால் கோட்டைத் தொட்டது. "ஏழாம் நம்பர், ஏழாம் நம்பர்" என்று அறிவிப்பாளர் தொண்டை கட்டக் கத்தினார். ஒவ்வொரு முறையும் திரையின் கீழே நான் செய்து வைத்திருந்த பட்டை வந்தது: 7, நிவேதா.

அந்த நேரத்தில் சித்தப்பாவின் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துபோயிருந்தது; சார்ஜ் போட இடம் தேடிப் போனவர் ஆட்டம் முடிந்துதான் மைதானத்துக்குத் திரும்பினார்.

5

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியின் கபடிப் பயிற்சியாளர். மேட்ச் படம் வேண்டும் என்று மட்டும் பி.டி. சாரிடம் சொல்லி என் முகவரி வாங்கியிருந்தார். இரண்டாம் பாதியில் ஏழாம் நம்பர் நிவேதா போன ஐந்து ரைடுகளையும் தனித்தனியாக வெட்டி, தெளிவான படத்தில் அனுப்ப வேண்டும். அடுத்த வாரத் தேர்வுக்கு அழைக்கப்படுவோர் பட்டியல் இந்த வெள்ளிக்கிழமை மாலை முடிவாகும். ஓர் இடம்தான் மீதி இருக்கிறது.

உடனே சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். சத்தமாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். பின்னால் யாரோ, "என்ன பங்காளி, பொண்ணு மெட்ராஸ் போவுதா? இனிமே நம்மளையெல்லாம் கண்டுக்குவியா?" என்றார்கள். "இப்ப மட்டும் கண்டுக்கிட்டா இருக்கேன்?" என்றார் சித்தப்பா. அவர் அப்பா, எங்கள் தாத்தா, அடுத்தவர் வயலில் அறுத்தவர். சித்தப்பா குத்தகைக்கு எடுத்த வயலில் விளைந்த நெல்லை மூட்டையாக அடுக்கி அதன் பக்கத்தில் நிற்கிறார். அந்தக் குரலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

மாலையில் நிவேதாவிடம் பேசினேன்.

"கோச் மேடம் செகண்ட் ஹாஃப் பாத்துட்டுத்தான் கேட்டிருக்காங்க, நிவி."

"செகண்ட் ஹாஃபா?"

"ஆமா. அஞ்சு ரைடையும் கேக்குறாங்க."

"சரிக்கா" என்றாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சித்தப்பா அன்றே சென்னைக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டார்.

6

வியாழக்கிழமை மதிய உணவு இடைவேளையில் வெட்ட உட்கார்ந்தேன். சேனலில் இருப்பது தரம் குறைத்த படம். மூங்கில் கழியில் இருந்த போனில் மூலப்படம் தனியாகப் பதிவாகியிருந்தது. அதை பி.டி. சார் முதல் நாள்தான் அனுப்பியிருந்தார். அதில் என் ஸ்கோர் பலகை இல்லை, பெயர்ப் பட்டை இல்லை, உபயதாரர் பட்டியல் இல்லை.

முதல் ரைடிலேயே கை நின்றுவிட்டது. நிவேதா வலது காலை முன்னால் வைத்து, கையை உயர்த்திப் போவாள். இந்த ஏழாம் நம்பர் இடது காலில் தொடங்கி, குனிந்து, கையைத் தரைக்குப் பக்கத்தில் வீசிக்கொண்டு போனது. சட்டை தொடைவரை தொங்கியது. நிவேதாவுக்கு அது இறுக்கமாக இருக்கும்.

இடைவேளைக்குப் பின்னோக்கிப் போனேன். நேரலையில் உரக்கடையின் பெயர் ஓடிய அதே நிமிடத்தில், மூலப்படத்தில் நிவேதா கயிற்றோரம் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பி.டி. சார் குனிந்து ஏதோ கேட்டார். அவள் தலையாட்டினாள். பிறகு, உள்ளே போட்டிருந்த டி-ஷர்ட்டோடு இருந்துகொண்டு, ஏழாம் நம்பர் ஜெர்சியைத் தலைவழியாகக் கழற்றிப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தாள். வாங்கிப் போட்டுக்கொண்டவள் சரண்யா.

உரக்கடைக்காரர் உபயம் செய்தது எட்டு ஜெர்சி. ஆடுகிறவர்கள் பன்னிரண்டு பேர். எங்கள் ஊரில் சட்டைதான் களத்துக்குள் இருக்கும், ஆள் மாறுவாள். நானே அப்படி ஆடியவள். எனக்கு முன்னால் இரண்டு பேர் போட்டு வியர்த்து ஈரமாக்கிய சட்டையை எத்தனை முறை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஓர் எண்ணுக்கு ஓர் ஆள் என்று நான் எப்போது நினைக்கத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. நிவேதா எண் இல்லாமல் நான்கு பெயர்களை அனுப்பியபோது, ஊரில் இருந்திருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும்.

ஐந்து ரைடுகளையும் பார்த்தேன். ஒவ்வொன்றின் நிமிடத்தையும் நொடியையும் எழுதிக்கொண்டேன். ஐந்தும் சரண்யாவுடையவை.

சரண்யா நிவேதாவின் வகுப்புதான்; ஊருக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு. அப்பா இல்லை, அம்மா நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று எது கிடைத்தாலும் போவார். பரீட்சை முடிந்ததும் சரண்யா திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போவதாக முடிவாகியிருந்தது. இதை நிவேதாதான் முன்பு ஒருநாள் என்னிடம் சொல்லியிருந்தாள். "நல்லா ஆடுறவக்கா, வீணாப் போறா" என்று.

7

நிவேதா பள்ளியிலிருந்து திரும்பும் நேரம்வரை காத்திருந்து கூப்பிட்டேன்.

"நிவி, செகண்ட் ஹாஃப் ஆடினது சரண்யா."

"தெரியும்க்கா."

"எப்பலேர்ந்து?"

"நீங்க செவ்வாக்கெழமை சொன்னப்பவே."

"ஏன் சொல்லலை?"

"எப்ப சொல்றது? அப்பா அதுக்குள்ள ஊருக்கே சொல்லிட்டாரு. கொள்முதல்ல மூட்டை தூக்குறவங்க வரைக்கும் என்னைப் பாத்து மெட்ராஸ் மெட்ராஸ்னு கூப்புடுறாங்க." பிறகு, "பேர் போட்டது நீங்க. நானா போட்டேன்?" என்றாள்.

"நான்தான் போட்டேன்."

"அப்புறம் என்னைக் கேக்குறீங்க."

அவள் கேட்டதில் தவறு இல்லை.

"எனக்கு ஒரு நாள் குடுங்கக்கா. நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் டைம் இருக்குல்ல? நானே பேசுறேன்."

"சரி" என்றேன்.

போனை வைத்த பிறகு ஒரு தாள் எடுத்து எழுதினேன். என் பழக்கம் அது.

ஒன்று, பட்டியல் நாளை மாலை முடிகிறது. ஏதாவது தாமதமானால் சரண்யாவுக்கு இடம் போய்விடும். இரண்டு, தவறு என்னுடையது; சொல்ல வேண்டியதும் நான்தான். மூன்று, நிவேதா நாளைக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் நான் அனுப்புவது அவளை மீறி அனுப்புவதாகும். அவளை அந்த நிலைக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே அவளுக்கு நல்லது.

மூன்றாவதை எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளுக்காகச் செய்கிறேன் என்று நினைத்தேன். சரி என்று சொல்லி ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஐந்து துண்டுகள், நேரப் பட்டியல், இடைவேளையில் சட்டை கைமாறும் காட்சி எல்லாவற்றையும் சேர்த்துப் பயிற்சியாளருக்கு அனுப்பினேன். பெயரைத் தவறாகப் போட்டது நான் என்றும் எழுதினேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "நன்றி. சரண்யாவைத் தேர்வுக்கு அனுப்புங்கள். பி.டி. சாரிடம் இப்போதே பேசுகிறேன். முதல் பாதியும் பார்த்தேன். நிவேதா நல்ல ஆட்டக்காரிதான், ஆனால் இந்த ஆண்டு எங்களிடம் இடமில்லை."

அதன் பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

"நம்ம புள்ள ஆடவே இல்லங்குறியா?"

"ஃபர்ஸ்ட் ஹாஃப் ஆடினா சித்தப்பா. நல்லாத்தான் ஆடினா. அவங்க கேட்டது செகண்ட் ஹாஃப்."

"அங்க போனா அவங்களே கண்ணால பாத்து எடுக்கப் போறாங்க. புடிச்சா எடுக்கட்டும், புடிக்கலன்னா அனுப்பட்டும். நடுவுல உனக்கு என்ன?"

"நிவேதா போனா சரண்யாவைக் கூப்பிடவே மாட்டாங்களே சித்தப்பா."

"அவ அம்மா வந்து உங்கிட்ட கேட்டுச்சா?"

"அவங்களுக்குத் தெரியாதே."

"அவ்வளவு தூரத்துல உக்காந்துகிட்டு நியாயம் பேசுறது சுலபம்மா. நாங்க நாளைக்கு இந்தத் தெருவுலதான் நடக்கணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

8

தேர்வு நாள் வந்தபோது, சரண்யாவைச் சென்னைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. பி.டி. சாருக்குப் பள்ளியில் செய்முறைத் தேர்வு. சரண்யாவின் அம்மா திருவாரூரைத் தாண்டிப் போனதில்லை. போட்ட டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, அவர்கள் இருவரோடும் பேருந்தில் போனவர் சித்தப்பா. எனக்கு அது தெரியாது. மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"எடுத்துட்டாங்க. ஹாஸ்டல், சாப்பாடு, எல்லாம் அவங்களே."

"நீங்க கூடப் போனது பெரிய உதவி சித்தப்பா."

"உனக்காகப் போகலை. அந்தப் பொம்பள பஸ் ஸ்டாண்டுல இறங்கி எந்தப் பக்கம் போறதுன்னு முழிக்கும். அதான்." பிறகு, "நிவேதாகிட்ட நீயே பேசிக்க. அவ எங்ககிட்டயும் சரியாப் பேசுறதில்லை" என்றார்.

நான் கூப்பிட்டபோதெல்லாம் அவள் எடுக்கவில்லை. பொதுத்தேர்வு முடிந்து, பங்குனியில் ஒருநாள் அவளே கூப்பிட்டாள். பரீட்சை, வெயில், உளுந்து எடுக்கிறார்கள் என்று சாதாரணமாகப் பேசினாள். மன்னார்குடியில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போடப் போவதாகச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"சரண்யா போனதுல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. அவ ஆடினா, அவ போனா. அதை விடுங்க" என்றாள். "அன்னைக்கு நீங்க போனை வச்சதும் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கிட்டு அவ வீட்டுக்குப் போனேன். இருட்டிக்கிட்டு வந்துச்சு. அவ அம்மா வாசல்லயே நின்னாங்க. கையில போனு. இப்பதான் சார் பேசினாரு, உங்க அக்கா அவ்வளவு தூரத்துலேர்ந்து எம்பொண்ணுக்காகச் சொல்லிடுச்சாமே, நல்ல மனசு, நல்லா இருக்கணும் அந்தப் பொண்ணுன்னாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க. உள்ள வான்னு கூப்புடலை."

"நீ எதுக்குப் போனே?"

"எதுக்குப் போயிருப்பேன்?"

அவளே தொடர்ந்தாள்.

"இப்ப போயி, நானும் இதைச் சொல்லத்தான் வந்தேன்னா யாரு நம்புவா? சைக்கிளைத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன். ஒரு நாள் கேட்டேன்க்கா. சரின்னீங்க."

சரி என்றுதான் சொன்னேன். அந்த மூன்று காரணங்கள் எழுதிய தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மூன்றையும் பலமுறை படித்துப் பார்த்துவிட்டேன். அவள் தானாகவே சொல்லக்கூடும் என்ற ஒன்று அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. அப்படி ஒன்று இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் அக்கா என்று கூப்பிடுகிறவள் நான். சட்டையின் எண்ணைப் பார்த்து ஆளை முடிவுசெய்த மாதிரியே, இரண்டு நாள் மௌனத்தைப் பார்த்து அவளையும் முடிவுசெய்துவிட்டேன்.

ஊரில் இப்போது இரண்டு பேச்சு இருக்கிறது என்று அம்மா சொல்கிறார். வெளிநாட்டில் இருக்கும் செல்வி நேர்மையானவள். நிவேதா அடுத்தவள் இடத்துக்கு ஆசைப்பட்டு மறைத்தவள். இரண்டும் நான் அனுப்பிய ஒரே கடிதத்திலிருந்து கிளம்பியவை. கடிதத்தில் இருந்ததைப் பயிற்சியாளர் பி.டி. சாரிடம் சொன்னார், அவர் சரண்யா வீட்டில் சொன்னார், பிறகு தெருவுக்கு வந்தது. அந்தி நேரத்தில் ஒரு பெண் வாய்க்கால் மதகைத் தாண்டிச் சைக்கிளில் போனதை மட்டும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அவள் எதற்காகப் போனாள் என்பதை நான் நம்புகிறேன். ஊரில் இருப்பவர்கள் படிக்கும் இடத்தில் அதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

போன வாரம் நிவேதாவிடம் கேட்டேன். பெயரோடு எழுதலாமா என்றேன். ஒரு நாள் கழித்துச் சொல்கிறேன் என்றாள். இந்த முறை காத்திருந்தேன். மறுநாள் மாலை, அவள் சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டாள்.

"எழுதுங்கக்கா. ஆனா ரெண்டு நாள் நான் வாயைத் திறக்கலைங்கறதையும் சேத்துப் போடுங்க. போகணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு. அதை விட்டுட்டு எழுதினீங்கன்னா, இதுவும் தப்பாத்தான் போகும்."

போட்டுவிட்டேன்.